எங்கே பார்த்துத் தவிர்ப்பது?

தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு,
மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதுதில்லி.



வெளிநாட்டிலிருந்து வரும் அழகுசாதனப் பொருள் எதுவானாலும் உங்கள் அலுவலகத்தில் பதிவு பெற்ற பிறகுதான் நம் கடைகளில் விற்க முடியும். அந்த நம்பிக்கையில்தான் என் அக்கா மகள் கல்யாண ரிசப்ஷனுக்கென்று ஓர் அமெரிக்க ஃபவுண்டேஷன் வாங்கினாள். விலை நாலாயிரத்துக்கும் மேல். ஒத்திகைக்குப் போட்டுப் பார்த்த இரண்டாம் நாள், இமைகள் இரண்டும் வீங்கிவிட்டன. கன்னம் சிவந்து, செதில் செதிலாக உரிந்தது. திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பணம் போனால் போகட்டும். நான் எழுத வந்தது அதற்காக அல்ல.

“இதில் என்னென்ன சேர்த்திருக்காங்க?” என்று தோல் மருத்துவர் கேட்டார். பெட்டியைத் திருப்பினால், இறக்குமதியாளர் முகவரி, எம்.ஆர்.பி., உங்கள் பதிவு எண் எல்லாம் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர், மூலப்பொருள் பட்டியலின் மேலேயே ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது அட்டையும் சேர்ந்து உரிந்து வந்தது. மிஞ்சிய வரியில் ‘ஃபிராக்ரன்ஸ்’ என்றிருந்தது. அதற்குள் பத்து ரசாயனமும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம்.

பிறகு பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, இரண்டு நாள் நனையாமல் வைத்திருந்து, எந்த இடம் தடிக்கிறது என்று பார்க்கும் சோதனை. ஐசோயூஜெனால் என்ற வாசனைப்பொருள் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. இது ஜாதிக்காயிலும் இருப்பதால், ‘இயற்கை’ என்று எழுதிய க்ரீமை வாங்கியும் தப்பிக்க வழியில்லை. இனி இதைத் தவிர்த்துவிடுங்கள் என்றார் மருத்துவர். எங்கே பார்த்துத் தவிர்ப்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் இதற்கு விடை இருக்கிறது. ஒவ்வாமை தரும் 26 வாசனைப்பொருட்களில் எதுவும், பூசிக் கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் அதன் பெயரைத் தனியே எழுதியாக வேண்டும். அதில் ஐசோயூஜெனாலும் ஒன்று. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டினார்கள். நம் 2020 அழகுசாதன விதிகளும் மூலப்பொருட்களை அச்சிடச் சொல்கின்றன. ஆனால் வாசனை என்று வரும்போது ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள விட்டுவிடுகின்றன. ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த இடத்தில்தான் விவரம் வேண்டும். விதியைத் திருத்தி, பெயர்களைத் தனித்தனியே எழுத வையுங்கள்.

ஸ்டிக்கர் விஷயத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும். பட்டியலை மறைத்து ஒட்டிய சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்துங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அமெரிக்கா 2022-ல் இயற்றிய சட்டப்படி, பாதிப்பைத் தெரிவிப்பதற்கான முகவரியோ தொலைபேசி எண்ணோ இணையத் தொடர்போ லேபிளிலேயே இருக்க வேண்டும். கடுமையான பாதிப்பு என்றால், தகவல் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் நிறுவனம் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். அங்கே இதற்குக் கட்டுப்படும் நிறுவனங்களே இங்கேயும் விற்கின்றன. நம் பெண்களுக்கு நேரும் பாதிப்பையும் அதே கெடுவுக்குள் உங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை, இறக்குமதிப் பதிவுச் சான்றிதழின் நிபந்தனையாகச் சேருங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்