மாத்திரையோடு எச்சரிக்கையும் வேண்டும்

உழைப்பவனுக்குக் கை எப்படியோ அப்படியே கண்ணும். ரிங் பிரேமில் அறுந்த இழையைக் கண்டுபிடிப்பது கண். விடியுமுன் வரப்பில் கிடக்கும் பாம்பைக் கண்டு காலைப் பின்னுக்கு இழுக்கச் செய்வதும் கண். கண் போனால் கூலி போகிறது. கூலி போனால் குடும்பம் தெருவில் நிற்கிறது. ஆகவே இந்த விஷயத்தைத் தோழர்கள் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். படிக்கத் தெரியாத தோழர்களுக்குப் படித்துக் காட்டும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

ரத்தக் கொதிப்புக்கு டாக்டர்கள் நீர் மாத்திரை கொடுக்கிறார்கள். உடம்பில் மிகுந்துள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை இது. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று பல பெயர்கள். வேறு ரத்தக் கொதிப்பு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள். சல்பா மருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்த குடும்பம் இது. இதில் முதலாவதான குளோரோதயசைடு 1958ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் எத்தனையோ பேரைப் பக்கவாதத்திலிருந்தும் மாரடைப்பிலிருந்தும் இந்த மாத்திரைகள் காப்பாற்றியிருக்கின்றன. இதை நாம் மறுக்கவில்லை. மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்றும் நாம் சொல்லவில்லை.

ஆனால், அரிதாகச் சிலருக்கு இந்த மாத்திரை கண்ணைத் தாக்குகிறது. கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. ஊறிய நீர் ஒரு மூலையிலுள்ள வடிகால் வழியே வெளியேறுகிறது. மருந்து ஒவ்வாத சிலருக்குக் கண்ணின் உட்படலம் வீங்கி, கண்மணிக்குப் பின்னாலுள்ள வில்லையை முன்னே தள்ளுகிறது. உடனே தூரப்பார்வை மங்குகிறது. வில்லை மேலும் தள்ளினால் வடிகால் அடைபடுகிறது. வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்கினால் பயிர் அழுகுமல்லவா? அப்படியே கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சாகிறது. செத்த நரம்புக்கு மருந்து கிடையாது.

மாத்திரை தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் இது வரலாம். பெரும்பாலும் இரண்டு கண்களையும் சேர்த்தே தாக்கும். சல்பா அல்லது பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு அபாயம் கூடுதலாக இருக்கலாம்.

முக்கியமான விஷயம் இதுதான்: முதல் சிகிச்சைக்குக் காசே வேண்டாம்! டாக்டரைக் கண்டு அந்த மாத்திரையை உடனே நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. காலத்தில் நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது. விஷயம் தெரியாதவன்தான் கண்ணை இழக்கிறான்.

ஒரு மில் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மாத்திரை தொடங்கிப் பத்தாம் நாள் பார்வை மங்குகிறது. வயசாகிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போகிறான். தலைவலியும் வாந்தியும் வருகின்றன. கொதிப்பு ஏறிவிட்டது என்று நினைத்து அதே மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறான். கண் டாக்டரிடம் போனாலும், நீர் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் கண் அழுத்தம் என்றே வைத்தியம் நடக்கக்கூடும். சாதாரண நோய்க்குப் போடும் லேசர் துளை இங்கே உதவாது. குற்றம் தொழிலாளியுடையதா?

இந்த அபாயம் ரகசியமல்ல. ஹைட்ரோகுளோரோதயசைடு மருந்தின் குறிப்பேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலத்தில், அதுவும் எறும்பு எழுத்தில்! அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை வாங்கும் ஏழைக்கு அந்தக் காகிதமும் கிடைப்பதில்லை.

“ஏழைகளிடம் இதைச் சொன்னால் பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள்” என்று சிலர் வாதாடுகிறார்கள். இந்த வாதத்தை நாம் ஏற்க முடியாது. தொழிற்சாலையில் வைக்கும் அறிவிப்பு, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அபாயப் பலகையைப் படித்துவிட்டு எந்தத் தொழிலாளி மில்லை விட்டு ஓடினான்? அபாயம் எங்கே என்று தெரிந்துகொண்டு அல்லவா அவன் வேலை செய்கிறான்! இயந்திரத்துக்கு உள்ள நியாயம் மாத்திரைக்கு இல்லையா?

ஆகவே நாம் கேட்பது இது. நீர் மாத்திரை தரும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் தமிழில் நாலு வரி எழுதிய சீட்டு கொடுக்க வேண்டும். முதல் மாத்திரைக்கு முன் சல்பா ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். 2021ல் தமிழக சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. எச்சரிக்கையும் அதே வாசலுக்கு வரட்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நன்றாக இருக்கும்போது மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். கொதிப்பும் உயிரைக் குடிக்கும். ஆனால் பார்வை திடீரென மங்கினால், கண் வலித்தால், விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொண்டுபோய், எந்த நாளில் தொடங்கியது என்று சொல்லுங்கள். மருந்துகளின் கெடுதலைப் பதிவு செய்ய 2010ல் இந்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். சொல்லுங்கள். நீங்கள் சொல்வது இன்னொரு தொழிலாளியின் கண்ணைக் காக்கும்.

விழுங்குகிறவனுக்குத் தான் எதை விழுங்குகிறோம் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அது சலுகையல்ல!