வாட்டைக் காட்டி மிரட்ட வேண்டாம்

கச்சேரி மேடையில் ஓடும் ஸ்டீரியோ ஆம்ப் இருக்க, ஹோம் தியேட்டர் ரிசீவருக்குக் காசைக் கொட்டுவானேன் என்கிறார் நண்பர். 400 வாட்டாம்! வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது சிறு ஏற்றம். 1 வாட்டுக்கு 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கர், 1 மீட்டர் தூரத்தில், 10 வாட்டிலேயே 98-ஐத் தொட்டுவிடும். அதற்குமேல் கூடத்தில் யார் உட்கார்ந்திருப்பது? மேடை ஆம்பின் மின்விசிறி இரைச்சல் கூட்டத்தில் கேட்காது. நள்ளிரவுப் படத்தின் மௌனத்தில் கேட்கும். டால்பி ஒலியைப் பிரித்துத் தரும் வேலையும் அந்த ஆம்புக்குத் தெரியாது.

ரிசீவர்க்காரர்களும் உத்தமர்கள் இல்லை. அட்டையில் அச்சிடும் வாட், பெரும்பாலும் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது. ஏழு சேனலையும் ஓட்டினால் இறங்கும். ப்ரீ-அவுட் உள்ள ரிசீவராகப் பார்த்து வாங்குங்கள். போதாவிட்டால், நண்பரின் ஆம்பை அதில் செருகிக்கொள்ளலாம்.