விளைச்சலின் காரணம் எது?

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலம் விடப்படுகிறது. பயிருக்கும் விற்பனைக்கும் ஒரே பெயர் வாய்த்தது தமிழின் விந்தை. அவ்வூரிலிருந்து போடிமெட்டு ஏறிக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் தொடங்கும். கிழக்கு அடிவாரமோ மழைமறைவு நிலம். மேற்குச் சரிவிலோ தென்மேற்குப் பருவமழை கொட்டும். குறுகிய தொலைவுக்குள்ளேயே ஈரமும் நிழலும் குளிரும் மாறிவிடும் இம்மலையில், இரு தோட்டங்களை ஒப்பிட்டுக் காரணம் கூறுவது எளிதன்று.

இடுக்கி உழவர் ஒருவர் தெரிந்தெடுத்த 'ஞள்ளானி' என்னும் ஏலவகை 1990களில் மலையெங்கும் பரவியது, விளைச்சலும் உயர்ந்தது. அவ்வுயர்வு முழுவதையும் கன்றின் பெயரிலேயே வரவு வைப்பதை நான் ஏற்கவில்லை. அதனை நட்டவர்கள் கோடையில் நீர் பாய்ச்சினர், உரத்தைக் கூட்டினர், மருந்து தெளித்தனர், மரக்கிளைகளைக் கழித்து நிழலைக் குறைத்தனர். கன்றின் சிறப்பை மறுக்கவில்லை. ஆயினும் அதன் பங்கு எவ்வளவு, நீரின் பங்கு எவ்வளவு? கோடைநீர் இல்லாத சிறு உழவர் கடன்பட்டுக் கன்றை மட்டும் வாங்கி நட்டால், இவ்வினா அவருக்கு வாழ்வுச் சிக்கலாகிவிடும்.

நாம் ஆராயாத, ஆனால் விளைச்சலைப் பாதிக்கும் காரணிகள் புறமாறிகள் எனப்படும். ஏலப்பூ விடியலில் மலர்ந்து ஒரே நாளில் வாடிவிடும். அன்று தேனீ வாராதெனில் காய் பிடிப்பது அரிது. அசுவினி பரப்பும் கட்டே நோயும் அத்தகையதே. இவை எல்லாப் பாத்திகளிலும் ஒருசேர நிகழின் முடிவு சற்று மங்கலாகும், அவ்வளவே. புதுக்கன்று நட்ட பாத்தியில் மட்டும் ஒரு காரணி மிகுமாயின், அது குழப்பும் மாறியாகி முடிவையே திரித்துவிடும்.

1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் சேர்ந்த ஆர். ஏ. பிஷர் இதற்கு வழி கண்டார். நிலத்தை ஒத்த தன்மையுள்ள தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எதற்கு எந்தப் பாத்தி என்பதைக் குலுக்கலால் தீர்மானித்தார். "நல்ல பாத்தியில் நல்ல கன்றை நடுவதன்றோ முறை?" என நம் உழவர் கேட்கக்கூடும். வேளாண்மைக்கு அது முறை. சோதனைக்கு அதுவே பிழை.

நூறு கன்றும் ஒரு சரிவும் உடையவர்கூட இதனைச் செய்யலாம். சரிவை ஈரத்திற்கேற்பத் தொகுதிகளாக்கி, பழையதில் ஐம்பதும் புதியதில் ஐம்பதும் குலுக்கல்வழி நட்டு, நீரும் உரமும் ஒரே அளவில் இடவேண்டும். ஏலம் காய்ப்புக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை தோட்டம் முழுவதையும் பெயர்த்துப் புதுக்கன்று நடக் கடன் வாங்குமாறு எவருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.