தொலைவை எங்கிருந்து அளப்பது?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலை வரையிலான எல்லைக் கிராமங்களின் தமிழ்க் குடும்பங்கள் மொழிச் சிறுபான்மையாயின. அவர்கள் பள்ளி தொடங்க அரசமைப்பின் 30ஆவது கூறு உரிமை தருகிறது. அங்கீகாரமின்றி அவ்வுரிமை பயன் தராது என்பதைக் கேரளக் கல்வி மசோதா குறித்த 1958ஆம் ஆண்டுக் கருத்துரையில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

நடைமுறையோ வேறு வாசலில் தொடங்குகிறது. கேரளக் கல்வி விதிகளின்படி, புதிய பள்ளி தேவைப்படும் இடங்களை இயக்குநர் முதலில் பட்டியலிட வேண்டும். இறுதிப் பட்டியலில் உள்ள ஊருக்கே விண்ணப்பிக்க இயலும். சுற்றியுள்ள பள்ளிகளும் அவற்றின் தொலைவும் அப்போது எடைபோடப்படும். மலையாளவழிப் பள்ளியும் பள்ளிதானே!

தமிழ்வழிக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பதும் பொருந்தாது. வீட்டில் தமிழ், ஏட்டில் மலையாளம் எனத் தலைமுறைகள் வளர்ந்த ஊரில், தமிழ்வழிப் பள்ளி எட்டாமையே அந்த எண்ணிக்கையைக் குறைக்கிறது. (மொழிப்பெயர்ச்சியைப் பெற்றோரின் 'விருப்பம்' என்று எழுதிவிடுவது நம் ஆய்வுத்துறைக்கும் எளிதாகவே இருக்கிறது.)

தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்னும் 350அ கூறும் அதே 1956இல் சேர்க்கப்பட்டதே. ஆகவே தமிழ்வழிப் பள்ளிக்கான விண்ணப்பத்தில் தொலைவை அருகிலுள்ள தமிழ்வழிப் பள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். அந்தக் கணக்கில் களியக்காவிளைப் பள்ளிகளைச் சேர்க்கலாகாது. அவை வேறு மாநிலத்தின் பாடத்திட்டத்தில் இயங்குபவை.