மூலக்கல மருத்துவம்: வாக்குறுதியும் வாணிபமும்

தான்தோன்றீசுவரர் ஆலயத்தாலும் முத்தையன்கட்டுக் குளத்து வயல்களாலும் பெயர்பெற்ற ஒட்டுசுட்டான், 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் காயங்களையும் சுமந்து நிற்கும் பிரதேசமாகும். எறிகணைச் சிதறலாலும் துப்பாக்கிக் குண்டாலும் முண்ணாண் சிதைந்து, இடுப்பின் கீழோ கழுத்தின் கீழோ உணர்விழந்தோர் வன்னி எங்கணும் வாழ்கின்றனர். மரத்திலிருந்து வீழ்ந்தோரும் வீதி விபத்திற் சிக்கியோரும் அவர்களோடு சேருகின்றனர். ஒட்டுசுட்டான் பிரதேச செயலாளர் பிரிவில் அடங்கும் மாங்குளத்திலே இத்தகையோர் தாமே கூடி ‘உயிரிழை’ என்னும் அமைப்பை நிறுவிக்கொண்டனர். இவர்களின் கைத்தொலைபேசித் திரைக்கு இன்று ஒரு வாக்குறுதி வந்து சேருகின்றது: மூலக்கலங்களை ஊசியால் ஏற்றினால் எழுந்து நடக்கலாம் என்பதே அது. அதில் எவ்வளவு விஞ்ஞானம், எவ்வளவு வாணிபம் என்று பிரித்துக் காட்டுவது கற்றோரின் கடன். அக்கடனை அவர்கள் இதுவரை செலுத்தினரெனக் கூறுதல் அரிது.

முதலில் விஞ்ஞானத்துக்கு உரியதை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தல் வேண்டும். தன்னைத் தானே பெருக்கவும் வேறு வகைக் கலங்களாக மாறவும் வல்ல கலமே மூலக்கலம். தமிழகத்தார் இதனைக் குருத்தணு என்பர். என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களே குருதியை ஆக்குகின்றன. அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் 1957 இல் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பற்றிய தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். 1990 இல் நோபல் பரிசு பெற்றார். இடைப்பட்ட முப்பத்துமூன்று ஆண்டுகளும் வீண் போனவையல்ல. தொடக்கத்தில் நோயாளர் பலர் இறந்தனர். தோல்விகள் மறைக்கப்படாமற் பதிவு செய்யப்பட்டன. அவற்றின் மேலேயே வெற்றி எழுந்தது. இன்று குருதிப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் இச்சிகிச்சை ஐயத்துக்கு இடமற்ற மருத்துவமாகும்.

இஃது செல்வந்த நாடுகளின் தனியுடைமை என்போர் வேலூரை நோக்குக. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 இலேயே என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. குருதி உறையாமை நோயினர் ஐவரின் மூலக்கலங்களை எடுத்து, மரபணுவைச் சேர்த்து, மீண்டும் அவர்களுக்கே ஏற்றிப் பயன் கண்ட ஆய்வை அதே கல்லூரியார் 2024 இன் இறுதியில் வெளியிட்டனர். ஐதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் நிறுவனம், சுண்ணாம்பாலும் அமிலத்தாலும் வெந்த கண்ணுக்கு நலமான கண்ணின் விளிம்பிலுள்ள மூலக்கலங்களைக் கொண்டு 2001 முதல் பார்வை மீட்டு வருகின்றது. ஆகவே மூலக்கல ஆராய்ச்சி வெறும் மாயையெனக் கூறுவோர் அறியாமையையே பறைசாற்றுகின்றனர்.

ஆயின் குருதி வேறு, முண்ணாண் வேறு. குருதிக் கலம் தான் சேரவேண்டிய இடத்தைத் தானே தேடிச் செல்லும். நரம்புக் கலமோ நீண்ட இழையை வளர்த்து, காயத்தின் தழும்பைக் கடந்து, உரிய கலத்தை மட்டும் தொட்டு இணைதல் வேண்டும். கலங்களை உட்செலுத்துவதற்கு ஓர் ஊசி போதும். இவ்விணைப்பை உண்டாக்க உலகில் எவருக்கும் இன்னும் கைகூடவில்லை. கரு மூலக்கலத்திலிருந்து பெற்ற கலங்களை முண்ணாண் காயத்தில் இடும் பரிசோதனையை 2010 இல் அமெரிக்காவில் ஜெரோன் நிறுவனம் தொடங்கியது. 2011 நவம்பரில் நிதிக் காரணங்களைக் கூறி நிறுத்தியது. யப்பான் 2018 இறுதியில் ஒரு சிகிச்சைக்கு நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. அதற்கு ஆதாரம் பதின்மூன்று நோயாளர் மட்டுமே, ஒப்பிடுவதற்கு வேறொரு குழுவும் இருக்கவில்லை. உலகின் விஞ்ஞானிகள் பலர் அதனைக் கண்டித்தனர்.

“நடக்கவே இயலாதவர் இழப்பதற்கு என்ன உளது? முயன்று பார்க்கட்டுமே” என்று பரிவோடு கேட்போர் உளர். இப்பரிவே வணிகனின் முதல். முண்ணாண் காயமுற்ற ஓர் இளம் பெண்ணுக்கு மூக்கின் உட்சவ்வுக் கலங்கள் முதுகில் வைக்கப்பட்டன. எட்டு ஆண்டுகளின் பின் அவ்விடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்ததை 2014 இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. புளோரிடாவில் 2015 இல் பெண்கள் மூவர், ஒவ்வொருவரும் 5000 டொலர் செலுத்தி, தம் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் கண்களில் ஏற்றுவித்துக்கொண்டு, இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தனர். கழுத்தின் கீழ் உணர்வற்றவருக்கு மூச்சு உண்டு, பேச்சு உண்டு, ஒரு விரலின் அசைவேனும் உண்டு. வீட்டாருக்கு ஒரு துண்டு வயற்காணி உண்டு. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பவர் இவற்றையெல்லாம் ஒன்றுமில்லை என்கின்றார்.

இவ்விடத்தில் ஓர் அளவுகோலைத் தயக்கமின்றி நாட்டலாம். பரிசோதனைக்கு உட்படுபவனிடம் பணம் கேட்பது ஆராய்ச்சி அன்று. தன் உடலை அறிவுக்கு ஈயும் நோயாளிக்கு ஆய்வாளனே கடன்பட்டவன். இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டல்களும், குருதிசார் நோய்கள் முதலிய ஏற்கப்பட்ட சில தேவைகளுக்கு அப்பால் மூலக்கலங்களைச் சிகிச்சையென விற்றலை ஏற்கவில்லை. முறையான பரிசோதனைகளிலேயே அவற்றைப் பயன்படுத்தலாம் என வரையறுத்தன. கடல் கடந்து செல்லும் ஈழத்து நோயாளி கேட்கவேண்டிய முதற் கேள்வி, “எவ்வளவு பணம்?” என்பதன்று, “ஏன் பணம்?” என்பதே.

நம்பிக்கையைப் பறித்துவிட்டு வெறுங்கையுடன் விடுவதா என்று கேட்கலாம். இதற்கு விடை வரலாற்றில் உண்டு. முண்ணாண் காயமுற்றோர் சில மாதங்களில் இறப்பர் என்றே ஒரு காலம் எண்ணிற்று. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் அவ்வெண்ணத்தை முறியடித்தார். அவர் ஒரு நரம்பையேனும் வளர்த்தாரல்லர். இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீர்த் தொற்றைத் தடுத்தார். உழைக்கவும் விளையாடவும் பழக்கினார். இறந்திருக்க வேண்டியோர் வாழ்ந்தனர். வேலூரில் மேரி வர்கீஸ் 1954 இல் வீதி விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே சத்திர சிகிச்சை செய்தார். 1966 இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணரானார்.

வன்னியின் முண்ணாண் நோயாளியைக் கொல்பவை படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றுமே. இவற்றைத் தடுக்க மூலக்கலம் வேண்டியதில்லை; நல்ல மெத்தை, சுத்தமான சிறுநீர்க் குழாய், பயிற்சி பெற்ற தாதி, வீட்டுக்கு வரும் இயன்மருத்துவர், சக்கர நாற்காலி செல்லக்கூடிய பாதை ஆகியவை வேண்டும். நெதர்லாந்தின் உதவியோடு மாங்குளத்தில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு அமைந்துள்ளது. கட்டடம் எழுந்தால் மட்டும் போதாது; ஆளணியும் மருந்தும் தவறாது கிடைப்பின் அஃது ஆயிரம் ஊசிகளிலும் மேலானதாகும். நாளை ஒருநாள் மெய்யான மூலக்கலச் சிகிச்சை தோன்றுமாயின், அதனால் முதலிற் பயன் பெறுவோரும் புண்ணின்றி, சிறுநீரகம் கெடாது, தசை வற்றாது காக்கப்பட்டோரே. இன்றைய பராமரிப்பு நாளைய விஞ்ஞானத்துக்கு எதிரானதன்று, அதன் முன்நிபந்தனை.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. மருத்துவ பீடத்தின் விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் அடங்கிவிடும் உண்மை, ஒட்டுசுட்டானின் வீட்டுத் திண்ணைக்குப் போவதில்லை. தமிழில் நயமாகப் பேசும் விளம்பரமோ நாளும் போகின்றது. நோயாளியின் அறியாமையை நகைப்பவர், அவ்வறியாமை எவரின் மௌனத்தால் நீடிக்கின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். எந்நோய்க்குச் சிகிச்சை உண்டு, எந்நோய்க்கு ஆராய்ச்சி மட்டும் உண்டு, எது வெறும் வியாபாரம் என்பதைத் தெளிந்த தமிழில் எழுதி மருத்துவ நிலையந்தோறும் சேர்ப்பது மாணவர் கைக்கெட்டாத பணியன்று. அது செய்யப்படாதவரை, ஈட்டுக்குப் போகும் ஒவ்வொரு காணியிலும் கற்றோரின் கையொப்பமும் இருக்கும்.