திருப்பித் தந்தால் மட்டும் போதுமா?



"எடுத்ததைத் திருப்பிக் கொடு" எண்டு மியூசியம் வாசல்களில் நாங்கள் கத்துறம். கத்தத்தான் வேணும். ஆனால் திரும்பி வாற பொருள் எந்த நிலையில வருது எண்டும் கேட்கவேணும்.

அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டம், பூர்வகுடிகளின் புனிதப் பொருட்களை அருங்காட்சியகங்கள் திருப்பிக் கொடுக்க வழிசெய்தது. அரிசோனாவின் ஹோப்பி மக்களுக்கும் அப்படிச் சில பொருட்கள் வந்தன. சோதித்தபோது அவற்றில் ஆர்சனிக் இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக், பாதரச உப்பு, பிற்காலத்தில் டிடிடி என்று நஞ்சு போட்டுவைத்தது மியூசியங்கள்தான். அவர்களுக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பொருள். ஹோப்பிகளுக்கோ சடங்கில் உடலோடு அணிகிற, உயிருள்ள உறவு.

என்ன மருந்து போட்டோம் என்று தெரிந்தால் சொல்லியாகவேண்டும் என விதி உண்டு. 'தெரிந்தால்' என்பதில்தான் சிக்கல். பல இடங்களில் அதற்குப் பதிவேடே இல்லை. கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி ஆர்சனிக்கையும் பாதரசத்தையும் காட்டிவிடும். டிடிடி போன்றவற்றுக்கு ஆய்வுகூடச் சோதனை வேண்டும். அந்தச் செலவு ஆருடைய தலையில்?

சேமிப்பறையில் பெட்டி தூக்குகிற, தூசி தட்டுகிற தொழிலாளியின் கையிலும் இதே நஞ்சுதான் படுகிறது. அவருக்கும் கையுறையும் உண்மையும் கிடைக்கவேணும்.

ஆகவே எங்கட கோரிக்கையை நீட்டுவோம்: திருப்பிக் கொடு. என்ன போட்டாய் எண்டு சொல்லு. சோதனைக் காசையும் நீயே கட்டு. நஞ்சோடு கையளிப்பது நீதி இல்லை.