கைராசி என்னும் மாயை

அரியாலையில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால், ஒழுங்கையில் முதலில் எழும் கேள்வி, "டொக்டர் கைராசிக்காரரோ?" என்பதே. இச்சிகிச்சையை அவர் எத்தனை பேருக்குச் செய்துள்ளார், அவர்களுள் எத்தனை பேர் நலமாக வீடு திரும்பினர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதும் சமுதாயம் நாம். சில கிலோமீற்றர் தொலைவில் போதனா வைத்தியசாலை. 1978 முதல் நமது பல்கலைக்கழகத்திலேயே மருத்துவபீடம். அறிவியலின் வாசலில் குடியிருந்துகொண்டு ராசி பார்க்கிறோம்.

இன்று இம்மாயை புதுவேடம் பூண்டுள்ளது. இரைப்பைப் புற்றுநோயை றோபோவின் துணைகொண்டு அகற்றுகிறார்கள் என்ற செய்தியைப் படித்தவுடன், "இயந்திரம் செய்தால் பிழை வராது" என்று கற்றவர்களே கூறுகின்றனர். கைராசி மனிதனை விட்டு இயந்திரத்தில் குடியேறிவிட்டது!

உண்மை யாது? றோபோ தானாக எதனையும் வெட்டுவதில்லை. வைத்தியர் நோயாளியை விட்டு விலகியமர்ந்து, முப்பரிமாணக் காட்சியை நோக்கியவாறு அதன் கரங்களை இயக்குகிறார். அக்கரங்கள் மணிக்கட்டுப் போல வளையும்; கைநடுக்கத்தை வடிகட்டும். ஆயினும் நெடுங்காலம் வழக்கிலிருந்த கருவிகளில் தொட்டறியும் உணர்வு இல்லை. இழையம் எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணாலேயே அறிதல் வேண்டும். இரைப்பையைச் சூழ்ந்த நிணநீர்க் கணுக்களைப் பெருங்குருதிக் குழாய்களை ஒட்டி நீக்கும்போது, அருகிலுள்ள சதையி நசுங்கினால் அதன் சாறு கசிந்து உயிருக்கே ஊறு விளையும்.

அந்தக் கண்ணும் கையும் பழகுவது எங்ஙனம்? முதலில் போலிக்கருவியில் பயிற்சி. பின்னர் வல்லுநரின் அருகிருந்து உதவுதல். அவரது மேற்பார்வையில் ஒரு பகுதியைச் செய்தல். இறுதியில் முழுவதையும் தாமே செய்தல். இதனைக் கற்றல் வளையி என்பர். துளைவழிச் சத்திரசிகிச்சையில் முன்பே தேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ இருபது நோயாளிகளின் பின் நேரம் சீரடைகிறது என்பன சில ஆய்வுகள். அதற்கு மிகக் கூடுதலாக வேண்டும் என்பன வேறு சில. நேரம் குறைவது ஒன்று. சிக்கல் குறைவது பிறிதொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது நேர்மையாகாது.

அந்த இருபது என்பது வெறும் எண்ணன்று; இருபது மனிதர். 1879இல் பிரான்சில் பெயான், 1880இல் போலந்து நாட்டவரான றிடிகியர் ஆகியோர் புற்றுநோய் கண்ட இரைப்பையின் பகுதியை அகற்றினர். இருவரின் நோயாளிகளும் மாண்டனர். 1881 ஜனவரி 29இல் வியன்னாவில் பில்றோத் வெற்றி கண்டார். அவ்வெற்றிக்கு முன்னர் அவருடைய மாணாக்கர் நாய்களில் அம்முறையைச் சோதித்திருந்தனர். காப்பாற்றப்பட்ட அப்பெண்ணும் சில மாதங்களில் நோய் மீண்டு இறந்தார். சிகிச்சை முறை இன்றும் பில்றோத்தின் பெயரால் வழங்குகிறது. மாண்டோரின் பெயரை யார் நினைவுகூர்கிறார்?

"இவற்றையெல்லாம் நோயாளியிடம் சொன்னால் அவர் ஓடிவிடுவார், பிறகு புதிய வைத்தியர் உருவாவது எப்படி?" என்பர் சிலர். எந்த வைத்தியருக்கும் முதல் நோயாளி ஒருவர் உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. கற்பதைக் குற்றம் என்றும் கூறவில்லை. மறைத்துக் கற்பதையே குற்றம் என்கிறோம். பணமுள்ளோர் வைத்தியரைத் தேர்ந்தெடுப்பர். இலவச வைத்தியமே கதியென இருப்போர், தாம் எத்தனையாவது ஆள் என்பதை அறியாமலே மேசையில் படுப்பர். இதுவா நீதி?

இலண்டனில் குழந்தைகளின் இருதயச் சத்திரசிகிச்சை நிபுணரான மார்க் டி லெவால், ஒரே வகைச் சிகிச்சையில் தம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது விதியை நோகவில்லை. தொழிற்சாலைகளில் பொருளின் தரத்தைக் கண்காணிக்கும் எண்கணக்கு முறையால் தம் தோல்விகளை அளந்தார். வேறு நிலையத்துக்குச் சென்று மீண்டும் பயின்றார். 1994இல் அனைத்தையும் உலகறிய வெளியிட்டார். அறிஞனின் வீரம் இதுவன்றோ!

இனி மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலொன்றை 'இரணவைத்தியம்' எனத் தமிழில் தந்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. ஆயினும் என் உறவினர் ஒருவர், ஒரு வைத்தியசாலையில், தமக்கு விளங்காத ஆங்கிலத் தாளில் சம்மதக் கையொப்பம் இட்டதை நேரிற் கண்டேன். விளங்காத சம்மதம் சம்மதமாகாது.

ஆகவே, புதிய கருவி வருமுன் புதிய ஒழுக்கம் வரவேண்டும். போலிக்கருவியில் தேர்ச்சி காட்டாதோர் நோயாளியைத் தொடலாகாது. ஒவ்வொருவரின் வெற்றி தோல்விகளும் பதிவுபெறல் வேண்டும். வல்லுநர் அருகிலிருத்தல் வேண்டும். நோயாளிக்கு அனைத்தும் தமிழில் சொல்லப்படல் வேண்டும்.

கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை: கத்தி உங்கள் கையில் இருக்கலாம், வயிறு எங்களுடையது.